எங்களிடம் இல்லாத துறைமுகம்

நான் நான்கு பருவங்கள் தொடர்ந்து பொய் சொன்னேன். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் வருவதைப் படிக்கும்போது நான் ஏதோ நல்லவள் போலத் தெரிந்துவிடும்.

பொய் ஓர் எண்தான். எண்பத்து நான்கு.

கிழக்குக் கென்டக்கி மலைகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் இரண்டாண்டுச் சமூகக் கல்லூரியில் அமெரிக்க வரலாற்றின் முதல் பாதியை நான் நடத்துகிறேன். ஐரோப்பியர் வருவதற்கு முன்பிருந்து உள்நாட்டுப் போர் முடியும் வரை, பதினாறு வாரத்தில். அந்தப் பாடத்துக்கு ஐந்து கற்றல் இலக்குகள் உண்டு. 'இப்பாடத்தை நிறைவுசெய்யும் மாணவர் கீழ்க்கண்டவற்றைச் செய்ய வல்லவராக இருப்பார்' என்று ஆரம்பிக்கும். அவற்றைப் பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தில் ஒட்ட வேண்டும். முதல் நாள் வகுப்பில் வாசிக்க வேண்டும். பருவம் முடிந்ததும் கணினியில், ஒவ்வொரு இலக்கையும் எத்தனை சதவீத மாணவர்கள் எட்டினார்கள் என்று கட்டத்தில் நிரப்ப வேண்டும். எழுபதுக்குக் கீழே போட்டால் 'முன்னேற்றத் திட்டம்' என்று மூன்று பக்கப் படிவம் எழுத வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த வாரமே துறைத் தலைவர் கார்லண்ட் ப்ரூயிட் வழி சொல்லிக்கொடுத்துவிட்டார். எண்பத்து நான்கு போட்டுவிடு, தொண்ணூறு போட்டால் பொய் மாதிரி இருக்கும், எழுபத்தைந்து போட்டால் எவனாவது கேள்வி கேட்பான் என்றார்.

போட்டேன். ஐந்து இலக்கு, நான்கு பருவம், இருபது கட்டம். ஒன்றைக்கூட நான் அளந்து பார்க்கவில்லை.

என் பெயர் டெஸ்ஸா நேப்பியர். வயது இருபத்தெட்டு. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். இதே கல்லூரியில்தான் ஆரம்பித்தேன், இதே ப்ரூயிட்டிடம்தான் இதே பாடத்தைப் படித்தேன். முதுகலை முடித்துத் திரும்பி வந்து, மூன்று வளாகங்களுக்கு நடுவே காரிலேயே சாப்பிட்டுக்கொண்டு பகுதிநேர ஆசிரியையாக ஓடிக்கொண்டிருந்தேன். பகுதிநேரம் என்றால் மருத்துவக் காப்பீடு கிடையாது, உட்கார மேசை கிடையாது, அடுத்த பருவம் வேலை இருக்கிறதா என்று கேட்டால் பதிலும் கிடையாது. ஒன்பது வருடத்தில் முதல் முறையாக வரலாற்றுக்கு ஒரு முழுநேர இடம் அந்த ஜனவரியில் வந்தது. நானும் வேறு மாநிலத்திலிருந்து முனைவர் பட்டத்தோடு வந்த ஒரு ஆளும் கடைசி இரண்டு பேர். நேர்காணல் முடிந்துவிட்டது. முடிவு ப்ரூயிட் கையில். மார்ச் கடைசியில் அங்கீகாரக் குழு கல்லூரியைப் பார்வையிட வருகிறது, அது போன பிறகு சொல்கிறேன் என்றிருந்தார்.

இந்த நிலைமையில்தான் பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை நகலெடுக்கும் இயந்திரம் தாளை விழுங்கிக்கொண்டு நின்றது.

அன்றைக்குப் பழைய ஆவணம் ஒன்றை எப்படிப் படிப்பது என்று சொல்லித்தருவதாக இருந்தேன். நான்கு கேள்விகள். யார் எழுதியது? யாருக்காக? எப்போது, என்ன தேவைக்காக? எதை விட்டுவிட்டார்கள்? ஆயிரத்து எண்ணூற்றுப் பதினொன்றில் எங்கள் மாவட்டத்தில் எழுதப்பட்ட ஒரு உயிலை இருபத்து நான்கு பிரதி எடுக்க நினைத்திருந்தேன். ஒரு பிரதிகூட வரவில்லை. ஒரு மணி வகுப்பு. மாணவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். எல்லோரிடமும் இருந்த ஒரே தாள் பாடத்திட்டம். சரி, இதையே ஆவணம் என்று வைத்துக்கொண்டு நான்கு கேள்விகளையும் கேளுங்கள் என்றேன். பத்து நிமிடம் ஓட்டிவிடலாம் என்ற எண்ணம்தான்.

முதலில் கை தூக்கியது ட்வைலா பெக்லி. நாற்பத்து நான்கு வயது, பள்ளிப் பேருந்து ஓட்டுநர். காலை வண்டிக்கும் மாலை வண்டிக்கும் நடுவே வகுப்புக்கு வருவார், சாவிக்கொத்தை மேசையில் வைத்தபடி.

"மிஸ், இந்த மூணாவது இலக்கு. 'நமது மாநிலத்தின் துறைமுக நகரங்கள் குடியேற்றக் காலக் கடல் வணிகத்தில் வகித்த பங்கை விளக்குதல்.' இது எந்த ஊரு மிஸ்? நான் பதினேழு வருஷமா இந்த மலைல பஸ் ஓட்டுறேன். இதுவரைக்கும் ஒரு கப்பலும் எனக்குக் குறுக்க வந்ததில்ல."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தாளைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வற்றிப்போனது. எங்களுக்குக் கடல் பார்க்க வேண்டுமென்றால் ஒன்பது மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். அதுவும் வேறு மாநிலத்துக்கு. குடியேற்றக் காலத்தில் கென்டக்கி என்று ஒரு மாநிலமே இல்லை. இந்த வரியை ஐந்து முறை நான் முதல் நாள் வகுப்பில் வாய்விட்டு வாசித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அறிவிப்பு வாசிப்பவர்கூட அதைவிடக் கவனமாக வாசிப்பார்.

கடைசி வரிசையில் கார்பின் ஸைஸ்மோர் அதற்குள் கைப்பேசியில் தேடிவிட்டான். பத்தொன்பது வயது, பேச்சைவிட முனகல் அதிகம். கிழக்குக் கடற்கரையில் ஏதோ ஒரு கல்லூரியின் பாடத்திட்டம், பதின்மூன்று வருடம் பழையது, ஐந்து இலக்கும் எழுத்துக்கு எழுத்து இதேதான் என்றான். முற்றுப்புள்ளி ஒன்று இரண்டு தடவை விழுந்திருப்பதுகூட அப்படியே இருக்கிறதாம்.

அதற்குப் பிறகு வகுப்பை நான் நடத்தவில்லை. அவர்களே நடத்தினார்கள். யார் எழுதியது? இங்கே வந்தே இராத ஒருவர். யாருக்காக? எங்களுக்காக இல்லை. எதை விட்டுவிட்டார்கள்? அதற்கு ஒரு பட்டியலே வந்தது. செரோக்கி, ஷானி பழங்குடிகள் இல்லை. மலை இல்லை. கல்லூரிக்குப் பத்து நிமிடத்தில் உப்பாலைச் சாலை என்று ஒரு சாலை இருக்கிறது. அங்கே அடிமைகள் இரவுபகலாக உப்புநீர் காய்ச்சினார்கள், அதுவும் இல்லை. ஐந்து வாக்கியத்தில் ஒரு மனிதர்கூட எதையும் செய்யவில்லை, எல்லாம் தானாக நடக்கிறது என்று யாரோ சொன்னார்கள். மணி இரண்டேகால் ஆனதும் ட்வைலா மட்டும் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். மற்றவர்கள் எழுந்திருக்கவில்லை.

அப்படி ஒரு வகுப்பு எனக்கு அதுவரை அமைந்ததே இல்லை. அந்த மகிழ்ச்சியில் நேராக ப்ரூயிட் அறைக்குப் போனேன். முட்டாள்தனம்தான். அவரும் விழுந்து விழுந்து சிரிப்பார் என்று நினைத்தேன்.

ப்ரூயிட் கெட்டவர் இல்லை. இருபத்தாறு வருடமாக ஒரு பருவத்துக்கு ஐந்து வகுப்பு நடத்துகிறவர். அறை முழுக்கத் திருத்தாத தாளும் குடிக்காத காபியும். நான் சொல்லி முடித்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். லூயிவில் இருக்கிறதே, ஆற்றங்கரை என்றாலும் அதுவும் துறைமுகம்தானே என்று ஆரம்பித்தார். லூயிவில் ஆயிரத்து எழுநூற்று எழுபத்தெட்டில் வந்த ஊர், அப்போது புரட்சிப் போரே நடந்துகொண்டிருந்தது, கடல் வணிகத்துக்கு அங்கே கடலைக் கொண்டுபோய் ஊற்றினால்தான் உண்டு என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

அவர்தான் நகலெடுத்தவர். பதினொரு வருடத்துக்கு முன்னால், போன அங்கீகாரக் குழு வருவதற்கு மூன்று நாள் முன்பு, எல்லாப் பாடத்துக்கும் இலக்கு வேண்டும் என்று வெள்ளிக்கிழமை மாலை உத்தரவு வந்ததாம். திங்கள் காலை கொடுக்க வேண்டும். நாலு பாடத்துக்கு எங்கிருந்தோ எடுத்து ஒட்டினார். பிறகு நிதானமாக மாற்றலாம் என்று நினைத்தார். பிறகு என்ற ஒன்று வரவேயில்லை.

இப்போது என்ன செய்யலாம் என்பதற்கும் அவரிடம் வழி இருந்தது. 'சொல் திருத்தம்' என்று ஒரு பக்கப் படிவம் உண்டு. துறைமுகத்தை எடுத்துவிட்டு ஆற்றங்கரை என்று போட்டால் வேலை முடிந்தது. பழைய எண்கள் அப்படியே நிற்கும், யாரும் கேட்க மாட்டார்கள். துறைத் தலைவரும் பாடம் நடத்தும் ஆசிரியரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பாடத்தை இப்போது நடத்துவது நான் ஒருத்திதான். மார்ச் பதினைந்தாம் தேதிக்குள் வேண்டும் என்றார்.

நான் வேறு மாதிரி யோசித்திருந்தேன். மூன்றாவது இலக்கையே தூக்கிவிட்டு, பழைய ஆவணம் ஒன்றைக் கொடுத்தால் படித்து அந்த நான்கு கேள்விக்கும் பதில் சொல்ல முடிய வேண்டும் என்று வைக்கலாமே என்றேன். அவர் தலையாட்டினார், வேண்டாம் என்று.

"அதெல்லாம் பெரிய யுனிவர்சிட்டி வேலைம்மா. நம்ம பிள்ளைங்களுக்கு அது வராது. நீ அத வெச்சா எழுபது தாண்டாது. தாண்டலன்னா அந்த மூணு பக்கத்த எழுதணும், கமிட்டி வரும்போது நம்ம பேரு நாறும். இந்த வேலைக்கு உன் பேரச் சொல்லணும்னு நான் நெனச்சிட்டிருக்கேன் டெஸ்ஸா. இப்பப் போயி இத ஏன் கெளப்புற?"

மிரட்டல் என்று சொல்ல முடியாது. அவர் கெஞ்சினார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் 'நம்ம பிள்ளைங்களுக்கு வராது' என்ற அந்த ஒரு வார்த்தையில் எனக்குக் காது சுட்டது. பத்து வருடத்துக்கு முன்னால் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியாக அவர் முன்னால் உட்கார்ந்திருந்தது நான்.

"என்னையும் சேத்துத்தான எண்பத்து நாலு போட்டீங்க? நான் எந்தத் துறைமுகத்த சார் உங்களுக்கு வெளக்குனேன்?"

பதிலுக்காக நிற்காமல் வெளியே வந்தேன். வாகன நிறுத்தத்தில் காருக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இரண்டு முறை குத்தினேன். கை வலித்தது. அவர் மேல் கோபம் என்று வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். என் இருபது கட்டமும் ஞாபகம் வந்தபோது அதுவும் கலைந்துபோனது.

அம்மா ரோண்டா ஒரு பெட்ரோல் நிலையத்தின் சமையலறையில் கோழி பொரிக்கிறாள். சனிக்கிழமை அவளைக் கூட்டிவரப் போனேன். வேலை முடியவில்லை என்று உள்ளே வரச் சொன்னாள். குளிர்பெட்டிக் கதவில் ஒரு அட்டவணை தொங்கும். இரண்டு மணிக்கு ஒருமுறை உள்ளே எத்தனை ஃபாரன்ஹீட் வெப்பம் என்று பார்த்து எழுத வேண்டும். அம்மா கிளம்பும் நேரத்தில் பேனாவை எடுத்து ஒரே மூச்சில் முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு என்று நாள் முழுவதையும் நிரப்பினாள். சின்ன வயதிலிருந்து பார்க்கிற காட்சிதான். அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன்.

காரில் வரும்போது கல்லூரியில் நடந்ததைச் சொன்னேன். அம்மாவுக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

"கையெழுத்தப் போட்டுட்டு வேலைய வாங்குடி. எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க. நீ ஒருத்தி எழுதலன்னா ஊரு திருந்திடுமா? போன வருஷம் நிமோனியால படுத்தியே, அந்த பில்லு இன்னும் வீட்டுக்கு வருது. காப்பீடு கெடைக்கிற எடத்துல போயி கப்பல் கத பேசிட்டிருக்க."

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. கோழி எண்ணெய் நாற்றத்திலிருந்து தப்பிக்க ஏழு வருடம் படித்தேன். படித்து முடித்து வந்து என்ன செய்கிறேன்? கதவில் தொங்கும் அட்டவணையை நிரப்புகிறேன். அவளுடையதிலாவது பேனா இருக்கிறது.

திங்கட்கிழமை நகல் இயந்திரம் சரியாகிவிட்டது. உயிலை இருபத்து நான்கு பிரதி எடுத்தேன். இந்த முறை உண்மையாகவே அளப்பது என்று முடிவு செய்திருந்தேன். நான்கு கேள்வி, ஒரு மணி நேரம், பெயர் எழுதாமல் எண் மட்டும். கடினமான உயில் ஒன்றும் இல்லை. உப்பு வியாபாரி ஒருவர் எழுதியது. மனைவிக்கு ஒரு கட்டிலும் செம்பழுப்புப் பெண்குதிரையும். மகனுக்கு உப்புக் கொட்டகையும் கொப்பரைகளும். மகளுக்கு 'சீலி என்கிற பெண்ணும், இனி அவளுக்குப் பிறக்கும் பிள்ளைகளும்'.

தாள்களை வீட்டில் வைத்து மூன்று நாள் திருத்தினேன். சிலர் உயிலில் இருந்ததையே திரும்ப எழுதியிருந்தார்கள். சிலர் அடிமை முறை தவறு என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிட்டார்கள்; சரிதான், ஆனால் நான் கேட்டது அது இல்லை. ஒரு தாளில் பேருந்தின் எண்ணெய்க் கறை இருந்தது. 'சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் மகளின் கணவர். சீலி யாருக்குப் போகிறாளோ அவரே சாட்சி' என்று எழுதியிருந்தது. எனக்கே அது தெரியாது. பத்து தடவையாவது அந்த உயிலைப் படித்திருப்பேன். ட்வைலாவிடம் பிறகு கேட்டேன், அந்தக் குடும்பப் பெயரில் என் பஸ் வழியில் மூன்று நிறுத்தம் இருக்கிறது மிஸ், அவர்கள் பரம்பரையில் யார் யாருக்கு மாப்பிள்ளை என்று எனக்குத் தெரியாதா என்றார். இன்னொரு தாளில் கோணல் கையெழுத்தில் இரண்டே வரி. 'குதிரைக்கு நிறம் எழுதியிருக்கிறார்கள். சீலிக்கு வயதுகூட எழுதவில்லை.' பெயர் இல்லாவிட்டாலும் அந்தக் கோணல் கார்பினுடையது என்று தெரிந்தது. வகுப்பில் அதிகம் வாய்திறக்காத அந்த முனகல் பேர்வழி.

ஆனாலும் கணக்கு என்று வந்தால், இருபத்து நாலில் பதின்மூன்று பேர்தான் தேறினார்கள். ஐம்பத்து நான்கு சதவீதம். இரண்டாம் முறை திருத்திப் பார்த்தேன். அதே பதின்மூன்று. ப்ரூயிட் சொன்னது சரி, எழுபது தாண்டவில்லை. பதின்மூன்று பேருக்கு வருகிறது என்பது அவர் சொன்னதில் இல்லை.

மார்ச் பதினான்காம் தேதி மதிப்பீட்டு அலுவலகத்துக்குப் போனேன். அது லொரெய்ன் டாக்கெட்டின் இடம். மேசையில் அனுமதிக்கப்பட்ட வினைச்சொற்களின் பட்டியல், பிளாஸ்டிக் உறை போட்டு. கற்றல் இலக்கு அந்தப் பட்டியலில் இருக்கும் சொல்லால்தான் ஆரம்பிக்க வேண்டும். 'விளக்குதல்' இருக்கும், 'ஒப்பிடுதல்' இருக்கும். 'புரிந்துகொள்ளுதல்' கூடாது, ஏனென்றால் அதை அளக்க முடியாது. நான் முதலில் 'ஒரு பழைய ஆவணத்தை ஏமாறாமல் படித்தல்' என்று எழுதிக் கொண்டுபோயிருந்தேன். லொரெய்ன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஏமாறாமல் என்பதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்டார். 'பகுத்தாய்தல்' என்று மாற்றினோம்.

சொல் திருத்தப் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. அதற்குப் பதிலாக 'உள்ளடக்க மாற்றம்' படிவத்தை எடுத்தேன். மூன்றாவது இலக்கு வேறு கல்லூரியிலிருந்து வந்தது, அதை யாரும் கற்பிக்கவில்லை, நான்கு பருவம் நான் நிரப்பிய எண்கள் அளந்து வந்தவை அல்ல என்று அரைப் பக்கம் எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். ப்ரூயிட்டின் எண்களைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அதை அவர்தான் எழுத வேண்டும். பிறகு புதிய இலக்குக்கு ஐம்பத்து நான்கு என்று போட்டு, முன்னேற்றத் திட்டப் படிவம் வேண்டும் என்று கேட்டேன்.

லொரெய்ன் கணினியில் தேட ஆரம்பித்தார்.

"அந்த ஃபாரம நான் பாத்ததே இல்லம்மா. பதினோரு வருஷத்துல ஒருத்தரும் தொறந்ததில்ல. இருக்கான்னே தெரியல, இரு."

இருந்தது. மூன்று பக்கத்தையும் நிரப்பி மின்னஞ்சலில் அனுப்பியதும் ஒரு நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டது. அது போய்ச் சேர வேண்டிய துணைத்தலைவர் ஆறு வருடத்துக்கு முன்னால் இறந்துபோனவர். லொரெய்ன் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், வேலை போய்விட்டது என்று தெரிந்த ஆள் சிரிக்கிற மாதிரி. கடைசியில் அச்செடுத்து அவர் கையாலேயே கோப்பில் வைத்தார்.

உள்ளடக்க மாற்றப் படிவத்தில் துறைத் தலைவர் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. ப்ரூயிட்டின் அறைக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். படித்தார். உன் இஷ்டம் என்று மட்டும் சொன்னார். பதினைந்தாம் தேதி கோப்பில் பார்த்தபோது கையெழுத்து இருந்தது. தன் எண்களும் அளந்து வந்தவை அல்ல என்று இரண்டு வரி தன் கையாலேயே எழுதியிருந்தார். அதற்காக அவரை எனக்குப் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை அவர் எழுதினார்.

குழு வந்தது. ஆறு பேர், மூன்று நாள். வரலாற்றைப் பார்க்க வந்தவர் வெல்பர்ன் என்று ஒரு அம்மாள், வேறு மாநிலச் சமூகக் கல்லூரி ஆசிரியை. கால் வீங்கி ஓட்டக் காலணியோடு நடந்தார். என்னிடம் இருபது நிமிடம் கேள்வி கேட்டார். பாராட்டவில்லை. பதின்மூன்று தாளையும் தேறாத பதினொன்றையும் கொண்டுவரச் சொல்லி, தேறாததைத்தான் முதலில் படித்தார். இவர்களுக்கு அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: ஒரே உயிலை ஒரே நாளில் கொடுத்தது என் தப்பு, ஆறு சின்ன ஆவணமாக ஆறு வாரம் கொடுத்திருக்க வேண்டும். குறித்துக்கொண்டு போய்விட்டார்.

கடைசி நாள் அறிக்கையை அரங்கில் வாசித்தார்கள். அவர்கள் மொழியில் 'பரிந்துரை' என்றால் குட்டு என்று அர்த்தம். கல்லூரிக்கு மூன்று குட்டு. அதில் ஒன்று வரலாற்றுக்கு: எண்கள் அளவீட்டிலிருந்து வரவில்லை, ஒரு வருடத்துக்குள் உண்மையான தரவோடு பின்தொடர் அறிக்கை தர வேண்டும். அரங்கில் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எல்லோரும் கஷ்டப்பட்டார்கள். அன்று மதியம் வளாக உணவகத்தில் பீன்ஸும் சோள ரொட்டியும் வாங்கிக்கொண்டு தனியாக உட்கார்ந்தேன். அந்த முனைவர் பட்டக்காரர் எந்த வீட்டில் குடியேறுவார் என்று யோசித்துக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டேன். ஆச்சரியம், நன்றாகப் பசித்தது.

அடுத்த வாரம் ப்ரூயிட் கூப்பிட்டனுப்பினார். நிற்க வைத்தே சொன்னார்.

"அந்த மனுஷன் அறிக்கைய இண்டர்நெட்ல படிச்சிட்டாரு போல. வேற எடம் கெடச்சிருச்சுன்னு கடுதாசி போட்டுட்டாரு. டீன் கேக்குறாரு, இந்தப் பின்தொடர் அறிக்கைய யாரு எழுதுறதுன்னு. எனக்கு அந்த மூணு பக்கத்துல ஒரு பக்கம்கூட எழுதத் தெரியாது. நீதான கெளப்பிவிட்ட? நீயே உக்காந்து எழுது."

முழுநேரம், காப்பீட்டோடு, ஆனால் ஒரு வருடத்துக்கு மட்டும். அறிக்கை தேறினால் நிரந்தரம் ஆக்கலாம் என்று டீன் சொன்னாராம். எழுத்தில் தரச் சொன்னேன். ப்ரூயிட் இதை எதிர்பார்த்தவர் போல ஒரு உறையைத் தள்ளினார். இன்னொரு நிபந்தனையும் வைத்தேன். தாள்களை நான் ஒருத்தி திருத்தினால் அது என் சொந்த எண், இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்த வேண்டும். யார் அந்த இரண்டாவது ஆள் என்று கேட்டார். கேட்டு முடிக்கும்போதே அவருக்குப் பதில் தெரிந்துவிட்டது.

அம்மாவிடம் சொன்னேன். உறையை வாங்கி இரண்டு முறை படித்தாள். காப்பீடு எந்தத் தேதியிலிருந்து என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் பக்கத்து வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் திரும்பி வரவில்லை. அவள் குரல் மட்டும் சுவர் வழியே கேட்டுக்கொண்டிருந்தது.

இப்போது அக்டோபர். எனக்கு ஒரு மேசை இருக்கிறது, இழுப்பறை ஒன்று திறக்காது. வெள்ளிக்கிழமை பிற்பகலில் ப்ரூயிட்டும் நானும் அவர் அறையில் உட்கார்ந்து தாள் திருத்துகிறோம். இந்த வாரம் நான்காவது ஆவணம், ஓடிப்போன அடிமையைப் பிடித்துத் தரக் கேட்கும் செய்தித்தாள் விளம்பரம். தனித்தனியாக மதிப்பெண் போட்டுவிட்டுப் பிறகு ஒப்பிட வேண்டும். இருபத்தாறில் இருபத்தைந்து ஒத்துப்போய்விட்டது. பதினேழாம் எண் தாளில் அவர் தேறியது என்கிறார், நான் தேறவில்லை என்கிறேன். இருபத்தாறு வருடத்தில் இவ்வளவு பொறுமையாக மாணவர் தாளைப் படித்ததில்லை என்று அவரே ஒப்புக்கொண்ட மனிதர், இந்த ஒரு தாளுக்காகக் கழுத்து நரம்பு புடைக்க வாதாடுகிறார்.

"இந்தப் புள்ள என்ன எழுதியிருக்கா பாரு. 'தொப்பிய எடுத்துட்டுப் போனான்னு எழுதியிருக்காங்க, அப்ப குளிருக்கு முன்னாடியே யோசிச்சு வெச்சிருக்கான்.' இது பகுத்தாய்தல் இல்லாம வேற என்னம்மா?"

அது மூன்றாவது கேள்விக்கான பதில்தான், நான்காவதை அவள் தொடவே இல்லை, எதை விட்டுவிட்டார்கள் என்று ஒரு சொல்கூட இல்லை என்றேன். அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி முன்பக்கத்தை, உதடு அசைய, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். நான் காபி ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அவசரம் ஒன்றும் இல்லை.